மர்சூக்கின் கெஸ்ட்ரிக்

ஓட்டமாவடியில் சாரன் கடை வைத்திருக்கும் மர்சூக்குக்கு ஐம்பத்தெட்டாவது வயதில் கெஸ்ட்ரிக் வந்தது. வயிற்றுப் புண் என்று டொக்டர் சொல்லி வந்ததல்ல. அவராகவே யோசித்து, இதுதான் நல்லது என்று முடிவெடுத்து, ஊருக்கு அறிவித்த கெஸ்ட்ரிக் அது. உண்மையில் அவருக்கு வந்திருந்தது நீரிழிவு, ஊர்ப்பேச்சில் சீனி வருத்தம்.

முப்பது வருடமாகச் சாரன் விற்கிறவருக்கு மனிதர்களின் முகத்தைவிட இடுப்புத்தான் பழக்கம். கடைப் படியில் ஆள் ஏறும்போதே, "உங்களுக்கு இது காணா ஹாஜியார், அகலமானத எடுங்க" என்று சொல்லிவிடுவார். ஊரில் யார் பருத்தார், யார் மெலிந்தார் என்ற கணக்கு அவர் விரல் நுனியில் இருந்தது. தன்னுடைய இடுப்பு மெலிந்தது மட்டும் அவர் கண்ணில் படவில்லை. சாரன் ஒரு மடிப்புக் கூடுதலாகக் கேட்டபோது சாரனில்தான் குறை என்று நினைத்தார். பிறகு தாகம் வந்தது. போத்தல் போத்தலாகத் தண்ணீர் குடித்தார், குடித்த கையோடு கடைக்குப் பின்பக்கம் ஓடினார். வந்தவர் ஒரு சாரனை விரித்துப் பார்த்து மடிப்பதற்குள் மர்சூக் இரண்டு தரம் போய் வந்துவிடுவார்.

உள்ளூரில் இரத்தம் சோதித்தால் முடிவு வீடு போய்ச் சேருமுன் பள்ளிவாசலடிக்குப் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே மனைவி நஸீபாவிடம், "மட்டக்களப்புக்குச் சாமான் எடுக்கப் போறன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். அங்கே ஒரு கிளினிக்கில் ஊசி குத்தினார்கள், முடிவைச் சொன்னார்கள், சீனிக் கணக்கு எழுத ஒரு கொப்பியும் விழுங்கக் குளிசைகளும் கொடுத்தார்கள். திரும்பி வரும் பஸ்ஸில், வாவியைப் பார்த்தபடி, அவர் யோசித்ததெல்லாம் குளிசையைப் பற்றியல்ல. தன் வாப்பாவின் பீங்கானைப் பற்றி.

அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது. அந்தப் பக்கத்து முஸ்லிம் வீட்டு விருந்துகளில் சோறு சஹனில் வரும். சஹன் என்பது பெரிய தட்டம். நெய்ச்சோறு, இறைச்சி, கோழி எல்லாம் அதில்தான். நாலு பேர் சுற்றியிருந்து, அவரவர் முன்னால் உள்ள பக்கத்திலிருந்து சாப்பிடுவார்கள். மர்சூக்கின் வாப்பாவும் அப்படித்தான் சாப்பிட்டு வந்தார், சீனி வருத்தத்தில் ஒரு கால் போகும்வரை. அதன் பிறகு விருந்து வீடுகளில் அவரை ஓரமாக ஒரு கதிரையில் இருத்தினார்கள். கையில் தனிப் பீங்கான், அதில் கேழ்வரகு மாவில் சுட்ட இரண்டு குரக்கன் ரொட்டி. எல்லாரும் அன்பாகத்தான் செய்தார்கள். ஒவ்வொருவராக வந்து, "அவருக்கு அதப் போடாதீங்க, இதப் போடாதீங்க" என்று பரிமாறுகிறவர்களை எச்சரித்துவிட்டுத் தங்கள் சஹனுக்குப் போய்க் குந்தினார்கள். வாப்பா அந்த ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த விதம் மர்சூக்கின் நெஞ்சில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. அவருக்குக் காலைப் பற்றியும் பயம்தான். ஆனால் பீங்கானைப் பற்றிய பயம்தான் பெரிது.

ஏனென்றால் மர்சூக்குக்கு ஒரு சஹன் இருந்தது. வாலிபத்திலிருந்தே எந்தக் கலியாணமென்றாலும் நாலு பேரும் ஒன்றாகத்தான் குந்துவார்கள். மர்சூக், பக்கத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் றிஸான், வாழைச்சேனைத் துறையில் மீன் ஏலம் எடுக்கும் பஹ்மி, கட்டாரில் பதினெட்டு வருடம் லொறி ஓட்டிவிட்டு வந்து அரிசி ஆலை போட்டிருக்கும் நிஸ்தார். கட்டாரில் இருந்த காலத்திலும் நிஸ்தார் லீவில் வந்தால் முதல் வேலையாக எங்கே கலியாணம் என்று விசாரிப்பார். இந்தச் சஹனில் கோழியைப் பிய்த்து நாலு பக்கமும் பங்கு வைக்கிற வேலை மர்சூக்குக்கு. சாரனை அளப்பது போலவே கோழியையும் அளப்பார், ஒருவருக்கும் குறை வராது. அந்த வேலையில் அவருக்கு இருந்த பெருமை கடையில்கூட இல்லை.

இனி அந்தச் சஹன் இல்லையென்று பஸ்ஸிலேயே முடிவுகட்டினார். ஓட்டமாவடிச் சந்தியில் இறங்கும்போது கெஸ்ட்ரிக் தயாராக இருந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு. மர்சூக் மறைக்கத் தேர்ந்தெடுத்த சோறுதான் பிழையாகிப்போனது. கெஸ்ட்ரிக் மரியாதையான வருத்தம், கால் போகாது, கண் போகாது என்று மட்டும்தான் அவர் பார்த்தார். கெஸ்ட்ரிக்காரன் வயிற்றைக் காய விடக்கூடாது என்பது அந்த ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த வைத்தியம். அதை அவர் யோசிக்கவேயில்லை.

ஒரு கிழமைக்குள் வைத்தியம் தொடங்கியது. காலை பத்து மணிக்கு றிஸான் தன் கடையிலிருந்து ஒரு பெரிய கப்பில் பால் கொண்டுவந்து வைத்தார், மூன்று கரண்டி சீனியோடு.

"குடி மச்சான். வயித்துப் புண்ணுக்குப் பால்தான் மருந்து."

எதிர்வீட்டு ஸஹீதா ராத்தா சர்க்கரை போட்டுச் சவ்வரிசிக் கஞ்சி காய்ச்சி அனுப்பினார். பஹ்மி துறையிலிருந்து வரும்போதெல்லாம் ஒரு சீப்புக் கதலிப்பழத்தைக் கடைக் கதவில் கட்டிவிட்டுப் போனார். சாரன் வாங்க வந்தவர்கள்கூடப் பையிலிருந்து பிஸ்கட் எடுத்து நீட்டினார்கள். சீனி வருத்தக்காரர் என்று சொல்லியிருந்தால் ஊர் அவரைப் பட்டினி போட்டிருக்கும். கெஸ்ட்ரிக் என்று சொன்னதால் இரண்டு மணிக்கு ஒரு தரம் இனிப்பு ஊட்டியது.

பாலைக் கடைக்குப் பின்னால் இருந்த பூனைக்கு ஊற்றினார். அந்தப் பூனை பருத்த பருமனைப் பார்த்தால் அதற்கும் ஒரு சாரன் அளக்கலாம். ஆனால் றிஸான் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் நாட்களில் குடிக்காமல் தப்ப முடியவில்லை. மாதம் முடிந்து கிளினிக்குக்குப் போனபோது சீனி கூடியிருந்தது.

கிளினிக்கில் வதனி என்றொரு தாதி, மிஸ்ஸி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். கொப்பியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என்ன காக்கா, குளிசை போடுறதில்லையா?"

"போடுறன் மிஸ்ஸி. பால்தான் கொஞ்சம் கூடிப்போயிட்டு. கெஸ்ட்ரிக்குக்குக் குடிக்கச் செல்லிக் குடுக்காங்க."

"உங்களுக்குக் கெஸ்ட்ரிக் இருக்கா?"

"இல்ல."

வதனி பேனையைக் கீழே வைத்தாள். மர்சூக் தலையைக் குனிந்துகொண்டு முழுக் கதையையும் சொன்னார். அவள் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள், பிறகு உண்மையாகவே முகம் மாறியது.

"வீட்டில தெரியுமா காக்கா?"

"தெரியா."

"நித்திரை வருதா?"

அந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. நித்திரை வருவதில்லை என்றார். காரணமில்லாமல் கோபம் வருகிறது, வாடிக்கையாளர்மேல் எரிந்து விழுகிறேன், கிளினிக் நாள் கிட்ட வந்தால் சோதனை எழுதப் போகிற மாணவன் மாதிரி நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்றும் சொன்னார். இவ்வளவையும் யாரிடமும் சொல்லாத மனிதர், வரிசையில் நாற்பது பேர் காத்துக்கொண்டிருக்கும்போது முப்பது வயதுப் பிள்ளையிடம் சொன்னார்.

"இந்த வருத்தத்தில சீனிய மட்டும் பாத்தாக் காணாது காக்கா. ஒளிச்சு வைக்கிறதும் பாரம்தான். ஒராளுக்காவது சொல்லுங்க" என்றாள் வதனி. "இன்னொண்டு. சாப்பாட்டத் தவறவிடாதீங்க. கை நடுங்கி, வேர்த்து வந்தா சீனி இறங்கிட்டெண்டு அர்த்தம். உடனே இனிப்பா ஏதும் சாப்பிடணும். பொக்கட்டில டொபி வச்சிருங்க." அதைக் கொப்பியிலும் எழுதிவிட்டாள்.

சீனி வருத்தக்காரன் பொக்கட்டில் டொபி! மர்சூக் ஓம் ஓம் என்று தலையாட்டினார். வெளியே வந்து டொபி வாங்கவில்லை. கொப்பியைக் கொண்டுபோய்க் கடையில் பழைய சாரன் பெட்டிக்கு அடியில் வைத்தார்.

அந்த வருடம் ஊரில் கலியாணங்களுக்குக் குறைவில்லை. மர்சூக் எல்லாவற்றுக்கும் போனார். முதல் ஆளாகப் போய் மாப்பிள்ளையைக் கட்டியணைத்து, துஆச் செய்து, சோறு வருவதற்குச் சற்று முன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நழுவினார். வீட்டுக்கு வந்து, நெய்ச்சோற்று வாசம் சட்டையில் ஒட்டியிருக்க, குசினியில் தனியாக இருந்து குரக்கன் ரொட்டி தின்றார். பீங்கானில். யாரும் அவரை ஓரத்தில் இருத்தவில்லை. தன்னைத் தானே இருத்திக்கொண்டார். அது அவருக்கும் விளங்கத்தான் செய்தது.

நஸீபா ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுத் தேநீரில் சீனி குறைந்துகொண்டே வந்து ஒருநாள் இல்லாமலே போனபோது, சீனிக்கு விலை கூடிவிட்டது போல என்று மர்சூக் நினைத்தார். அடுத்தவன் இடுப்பை அரைச்சாண் பிசகாமல் சொல்லும் மனிதருக்குச் சொந்த மனைவியின் தேநீர் விளங்கவில்லை.

பிறகு நிஸ்தார் வந்தார். கடைசி மகள் சஹ்லாவுக்குக் கலியாணம். கடைக்குள் வந்து, கதிரையில் இருக்காமல், நின்றபடியே சொன்னார்.

"மச்சான், கலியாணத்துக்குச் செல்ல வந்த. உனக்குச் செல்லத் தேவல்ல, எண்டாலும் செல்லுறன். இந்த முறை வயித்தப் பிடிச்சிட்டு ஓடினயெண்டா, மறுகா இந்த ஊர்ல உனக்கு நிஸ்தார் எண்டொரு ஆள் இல்ல."

"என்னடா மச்சான் இப்பிடிக் கதைக்கிறாய்."

"ஒரு வருஷமாப் பாக்கன். நாங்க என்ன குத்தம் செஞ்ச உனக்கு? செல்லன்."

மர்சூக் அலுமாரிப் பக்கம் திரும்பினார். ஒரு சாரனை எடுத்து விரித்து மடித்தார். மறுபடி விரித்தார். நிஸ்தாரின் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் வாயில் வந்த கெஸ்ட்ரிக்கை விழுங்கிக்கொண்டார்.

"வாறன். இருந்து சாப்பிட்டுத்தான் போவன்."

வாக்குக் கொடுத்தாகிவிட்டது. கலியாண நாளன்று மர்சூக் தன் மூளையைப் பாவித்தார். மத்தியானம் நெய்ச்சோறு தின்ன வேண்டும், ஆகவே காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டால் கணக்குச் சரி. குளிசையைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் போட வேண்டும், பன்னிரண்டரைக்குச் சோறு, ஆகவே பன்னிரண்டுக்குப் போட்டுவிட்டால் அதுவும் சரி. எல்லாம் சரியாக இருந்தது. ஒன்றை மட்டும் மறந்துபோனார். பெண்ணின் வாப்பா வந்தவர்களெல்லாம் சாப்பிட்ட பிறகுதான் கை நனைப்பார். கூட்டாளிமார் அவரோடுதான் குந்துவார்கள், அவரை விட்டுவிட்டு முதலில் சாப்பிடுவது அந்த ஊரில் நினைத்துப் பார்க்கக்கூடிய காரியமல்ல. தானும் அப்படி எத்தனை கலியாணத்தில் காத்திருந்தவர்தான் மர்சூக்.

மாப்பிள்ளை காத்தான்குடியிலிருந்து வந்து சேரவே ஒரு மணியாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டார்கள். பெரியவர்கள் சாப்பிட்டார்கள். ஏறாவூரிலிருந்து ஒரு வான் நிறைய ஆட்கள் பிந்தி வந்து சாப்பிட்டார்கள். இரண்டேகாலுக்கு மர்சூக் பந்தல் மூலையில் றிஸானுக்கும் பஹ்மிக்கும் நடுவில் இருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கை நடுங்கியது. தன்னைக் கடந்துபோன சஹன் ஒன்று இரண்டாகத் தெரிந்தது.

"என்ன மர்சூக், வேர்த்துக் கொட்டுது?" என்றார் றிஸான்.

"ஒண்டுமில்ல."

"கெஸ்ட்ரிக்தான். வயிறு காஞ்சிட்டு. பஹ்மி, ஓடு, ஏதும் குடிக்கக் கொண்டா."

பஹ்மி ஓடினார். ஒரு கிளாஸோடு திரும்பி வந்தார். மர்சூக் அதை வாங்கி ஒரே இழுப்பில் பாதியைக் குடித்தார். இஞ்சிப் பிளேன்டீ, இனிப்பென்று ஒரு சொட்டுக்கூட இல்லை.

"சீனி..." என்றார் மர்சூக்.

"போடல்ல மச்சான்" என்றார் பஹ்மி பெருமையாக. "ஸஹீதா ராத்தாதான் செல்லினா, கெஸ்ட்ரிக்குக்குச் சீனி கூடாவாம். இனி உனக்குச் சீனி தர மாட்டம்."

ஒரு வருடமாக வாளி வாளியாக ஊற்றிய ஊர், வைத்தியத்தை மாற்றுவதற்கு இந்த நேரத்தைத்தான் தேர்ந்தெடுத்திருந்தது. மர்சூக் எழும்பப் பார்த்தார், கால் நிற்கவில்லை. கண் இருட்டியது. அந்த இருட்டிலும் அவர் ஒரு கணம் தயங்கினார். இப்போதும் சொல்லாமல் விடலாமா என்று உண்மையாகவே யோசித்தார். மனிதருக்கு வீம்பு அவ்வளவு. பிறகு நிஸ்தார் மகளின் கலியாணப் பந்தலில் மவுத்தாகிப் போனால் அந்தப் பிள்ளையின் நாள் என்னவாகும் என்று நினைத்தார்.

"எனக்குச் சீனி வருத்தம்டா!" என்று கத்தினார். "சீனி தாங்கடா!"

பந்தல் அடங்கியது. றிஸான் வாயைப் பிளந்தார்.

"என்ன செல்றாய்? சீனி வருத்தம் எண்டா சீனி கேக்கிற ஏன்?"

"இறங்கிட்டுடா! விளக்கம் மறுகா செல்லுறன், முதல்ல சீனியக் கொண்டா!"

பஹ்மி மறுபடி ஓடினார். இந்த முறை கிளாஸ் இல்லை, சமையல்காரரின் சீனி வாளியையே தூக்கிக்கொண்டு வந்தார். றிஸான் மூன்று கரண்டி அள்ளிப் பிளேன்டீயில் கலக்கி, கூட்டாளியின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு குடிக்கவைத்தார். 

சத்தம் கேட்டுப் பெண்கள் பக்கத்திலிருந்து நஸீபா வந்தார். ஓடி வரவில்லை, வேகமாக நடந்து வந்தார். கைப்பையைத் திறந்து ஒரு பிடி டொபியை எடுத்து மர்சூக்கின் மடியில் போட்டார். பைக்குள் புழுக்கத்தில் கிடந்து கடதாசியோடு ஒட்டிப்போன டொபிகள்.

"எட்டு மாசமாச் சுமக்கன் இத" என்றார் நஸீபா.

"உனக்கு... தெரியுமா?"

"கடைக்குத் தூசி தட்ட வந்த நேரம் சாரன் பெட்டிக்கு அடியில கொப்பியக் கண்ட. இண்டைக்குச் செல்லுவீங்க, நாளைக்குச் செல்லுவீங்கண்டு பாத்துப் பாத்து இரிந்த. சீனி வந்தது எனக்குக் கவல இல்ல. எனக்கிட்டச் செல்ல ஏலாமப் போயிட்டே, அதான்."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். மர்சூக் ஒரு டொபியின் கடதாசியைப் பிரிக்கப் பார்த்தார், அது வரவில்லை. கடதாசியோடு வாயில் போட்டுக்கொண்டார்.

கால் மணித்தியாலத்தில் நடுக்கம் நின்றது. நிஸ்தார் தலைப்பாகையோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். மகளைக் கட்டிக்கொடுக்கும் கவலை பாதி, இது பாதி. விஷயத்தைக் கேட்டார். ஏசவில்லை. மர்சூக்கின் தோளில் கையை வைத்துக்கொண்டு, "வா, குந்துவம்" என்றார்.

நாலு பேரும் பாயில் குந்தினார்கள். சஹன் வந்தது. ஆனால் அதற்குள் செய்தி சமையல் பக்கம் போய்விட்டிருந்தது. பரிமாறுகிறவர் ஒருவர், மிகுந்த அக்கறையோடு, ஒரு பீங்கானை மர்சூக்கின் முன்னால் கொண்டுவந்து வைத்தார். அதில் கொஞ்சம் வெள்ளைச் சோறு, கொஞ்சம் கீரை.

மர்சூக் அந்தப் பீங்கானைப் பார்த்தார். வாப்பாவின் பீங்கான் நாற்பது வருடம் நடந்து அவரிடம் வந்து சேர்ந்திருந்தது. எழுந்து போய்விடலாம் என்று கையை ஊன்றினார்.

"இதக் கொண்டு போங்க தம்பி" என்றார் றிஸான். "இந்தச் சஹனுக்கு நாலு பேர்."

"அவருக்குச் சீனியாமே காக்கா..."

"எங்களுக்குத் தெரியும். கீரைய மட்டும் வச்சிட்டுப் போங்க."

பீங்கான் போனது. பஹ்மி சாரனை இறுக்கிக்கொண்டு சஹனுக்கு மேல் குனிந்தார். மர்சூக்கின் பக்கத்திலிருந்த சோற்றை உள்ளங்கையால் வழித்துத் தன் பக்கம் இழுத்தார், ஒரு பிடி மட்டும் விட்டார். தன் பக்கத்து இறைச்சியில் இரண்டு துண்டை அங்கே தள்ளினார். நிஸ்தார் சலாதையும் கத்தரிக்காயையும் தள்ளினார். வட்டிலப்பக் கிண்ணத்தை றிஸான் எடுத்துத் தன் முழங்காலுக்குப் பின்னால் ஒளித்தார், பிறகு யோசித்து ஒரு கரண்டி மட்டும் அள்ளி வைத்தார்.

"ஒன்ட சோறு எனக்கு, என்ட இறைச்சி உனக்கு. இதுக்கா ஒரு வருஷம் ஓடித் திரிஞ்ச?" என்றார் பஹ்மி.

மர்சூக் தலை நிமிராமல் கேட்டார். "நான் இல்லாம நீங்க ஆரோட குந்தின?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நிஸ்தார்தான் சொன்னார்.

"மூணு பேராத்தான். பரிமாறுறவன் ஒவ்வொரு கலியாணத்திலயும் நாலாவது ஆளக் கொண்டு வந்து இருத்தப் பாப்பான். ஆள் இரிக்கி, வருவாண்டு செல்லுவம். பதினொரு கலியாணத்தில ஏச்சு வாங்கின மச்சான் உனக்காக."

மர்சூக் அழுதார். மறைக்கவில்லை. நெய்ச்சோற்றின் ஆவி முகத்தில் அடிக்க, கன்னம் நனைய அழுதார். மற்ற மூவரும் அதைக் காணாதவர்கள் போலக் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முழுக் கோழி, பொரித்தபடி, யாரும் கை வைக்காமல் நடுவில் கிடந்தது.

"என்ன பாத்திட்டிரிக்காய்?" என்றார் றிஸான். "ஒரு வருஷமாப் பஹ்மிதான் பிய்க்கான். எனக்கு எலும்புதான் கிடைக்கிற."

மர்சூக் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார். பிஸ்மி சொல்லிக் கோழியைத் தன் பக்கம் இழுத்தார். கண்ணால் ஒருமுறை அளந்தார். பிறகு நாலாகப் பிய்த்து, நாலு பக்கமும் வைத்தார்.